பதின்மூன்றாவது விவரம்

கருணாம்பிகை ஒரு சாவைப் பன்னிரண்டு விவரங்களில் எழுதி முடித்துவிடுவாள். பதின்மூன்று வந்தால் ஒன்றை அடித்துவிடுவாள். எதை அடிப்பது என்று முதல் வருடம் ராப்பகலாக யோசித்தாள், மூன்றாம் வருடம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டே அடித்தாள். டப்பாவின் பக்கத்தில் பிரேதப் பரிசோதனை அறிக்கை திறந்திருக்கும். சாதத்தில் உப்பு குறைந்தால் மட்டும் முகம் சுளிப்பாள்.

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவளுக்கு வேலை. பிரிவின் பெயர் நினைவுப் பதிவு. மண்டையில் அடிபட்டு, நடந்தது துடைத்துப்போனவர்கள் அங்கே வருவார்கள். அவர்களிடம் "உங்க பையன் செத்துட்டான்" என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அழுவார்கள், தூங்கி எழுந்ததும் "பையன் எங்கே?" என்பார்கள். நடந்ததை ஒரு பக்கம் எழுதி, மருந்து கொடுத்து, தலையில் ஒரு வளையத்தை மாட்டி, ஏழு காலை அதையே படித்துக் காட்டினால் எட்டாம் நாள் அது கேட்ட கதையாக இருக்காது. நடந்ததாகவே ஆகிவிடும். கண்ணால் பார்த்த மாதிரி சொல்லுவார்கள்.

முதலில் டாக்டர்கள்தான் எழுதினார்கள். "மரணம் பதினொன்று இருபதுக்கு நிகழ்ந்தது" என்ற தோரணையில் எழுதியது எவர் மனசிலும் நிற்கவில்லை. பிறகுதான் கதை எழுதுகிறவர்களைத் தேடினார்கள். கருணாம்பிகை இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டிருந்தாள். விற்காத கட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தன. அவளுடைய எழுத்து கடைசியில் படிக்கப்பட்டது இங்கேதான், அதுவும் ஆளுக்கு ஏழு தடவை.

பன்னிரண்டு என்ற கணக்கு அனுபவத்தில் வந்தது. ஆறுக்குக் கீழே போனால் மூளை மிச்சத்தைத் தன் கையிருப்பிலிருந்து நிரப்பிக்கொள்ளும். நாலே விவரத்தில் எழுதப்பட்ட ஒருவர், அப்பாவின் பாடையைத் தூக்கிய பெரியப்பாவை "சாவுக்கே வராதவர்" என்று நினைவு வைத்துக்கொண்டு இன்றுவரை பேசுவதில்லை. பன்னிரண்டுக்கு மேலே போனால் அது வேறு வம்பு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஆர்வக்கோளாறில் இருபது விவரம் எழுதிவைக்க, அந்தப் பெண் உள்ளே போனவள்தான், இன்னும் அந்த மத்தியானத்தை விட்டு வெளியே வரவில்லை.

பன்னிரண்டில் பதினொன்று கோப்பிலிருந்து வரவேண்டும். ஒன்றை மட்டும் எழுதுகிறவர் இட்டுக்கட்டலாம். அதற்குப் பிரிவில் 'ஒட்டு' என்று பெயர். யாருக்கும் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு சின்ன விஷயம், கொடியில் ஆடிய துண்டு, பக்கத்து வீட்டு மிக்சி சத்தம், இப்படி ஏதாவது. அது இல்லாவிட்டால் மற்ற பதினொன்றும் பதியாமல் உதிர்ந்துவிடும். ஏன் என்று டாக்டர்களுக்கும் தெரியாது. கதை எழுதுகிறவர்களுக்கு அது புதிதாகப் படவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எழுதியாகிவிட்டது. நடுவில் எப்போதோ அவளுக்குள் எதுவோ மரத்துப்போனது. போன வருடம் அம்மா இறந்தபோது கட்டிலருகே நின்று அவள் விவரம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது வந்தது. அழுகை வரவில்லை. மூன்று குறைகிறதே என்றுதான் தோன்றியது.

மயில்சாமி இருநூற்று எண்பதாவது ஆள். ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் அவனும் அவன் மனைவி கோகிலாவும் ஒரே ஷிப்ட். ஒரு பகல் பதினொரு மணிக்குப் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் போனார்கள். அதில் கோகிலாவும் ஒருத்தி. கிடங்கிலிருந்து உயிரோடு வந்தவன் மயில்சாமி ஒருவன்தான். தகரம் சரிந்து தலையில் விழுந்து, இருபது நாள் நினைவில்லாமல் கிடந்து, கண் விழித்ததும் "கோகிலா சாப்பிட்டாளா?" என்று கேட்டான். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும்.

அவனைக் கூட்டிவந்தவள் தாரணி, கோகிலாவின் தங்கை. முதல் நாள் கருணாம்பிகையின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "நூத்திப்பத்து நாளா எங்கக்காவத் தெனமும் காலைல நாந்தானுங்க சாவடிக்கறேன். எனக்கு முடியல மேடம்" என்றாள். கருணாம்பிகை தலையை ஆட்டிவிட்டுக் கோப்பை வாங்கிக்கொண்டாள்.

எழுதி முடித்ததும் பதினாலு விவரம் வந்திருந்தது. கருகின பஞ்சின் வாடை, வலது உள்ளங்கையில் வளையம் போன்ற தீக்காயம், ஒன்பது பேரின் கூச்சல், இந்த மூன்றும் பாரம் என்று அடித்தாள். ஒட்டு என்ன போடலாம் என்று யோசித்தாள். கிடங்கின் படத்தில் பின்பக்கம் ஒரு ஷட்டர் இருந்தது. எழுதினாள்: 'ஷட்டருக்கு அடியில் ஒரு முழ உயரத்துக்கு வெயில் விழுந்து கிடந்தது.' அவளுடைய கதைகளில் எல்லாம் எங்காவது ஒரு கீற்று வெயில் வரும். ஒரு பழைய விமர்சகர் அதை மெச்சியும் இருக்கிறார். வரியைத் திரும்பப் படித்தாள். நன்றாக இருந்தது. வெகுநாள் கழித்து ஒரு வரி நன்றாக இருக்கிறது என்று பட்டதில் அவளுக்கு லேசாகச் சந்தோஷம்கூட வந்தது.

எட்டாம் நாள் மயில்சாமி கோகிலாவைக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அமைதியாக அழுதான். கோப்பில் 'பதிந்தது' என்று முத்திரை விழுந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தாரணி அவனைத் திரும்பக் கூட்டிவந்தாள். ஆள் பாதியாகியிருந்தான்.

"சாப்பிடறதே இல்லீங்க மேடம். வீட்டு வாசக் கதவ ஒரு முழம் தொறந்து வெச்சுட்டு, முன்னால உக்காந்து பாத்துட்டே இருக்கறாரு. குனிஞ்சு குனிஞ்சு போய்ப் பாக்கறாரு."

"என்ன பாக்கறீங்க மயில்சாமி?"

அவன் வலது கையை விரித்து மேஜையிலிருந்து உயரம் காட்டினான். "இத்தாச்சோடு இருந்துச்சுங்க மேடம். வெளிச்சம். ஷட்டருக்குக் கீழ. ஒரு முழம் தொறந்திருந்தா ஒரு ஆளு உருண்டு போயரலாமுங்க. வீட்டுக் கதவுல நான் போய்ப் பாத்தேன், போக முடியுது. அப்பறம் ஏனுங்க நான் அவளை இழுத்துட்டுப் போகல? பாத்துட்டு நின்னிருக்கறேன். எனக்கு அதானுங்க வெளங்க மாட்டீங்குது."

கருணாம்பிகையின் கண் அவன் உள்ளங்கையில் இருந்தது. நடுவில் ஒரு தழும்பு. "இது எப்படி ஆச்சு?"

"இதுங்களா? இட்லிச் சட்டி மூடி சுட்டதாட்ட இருக்குதுங்க. எப்பன்னு நெனப்பில்ல."

எழுதாமல் விட்ட இடத்தை மூளை நிரப்பியிருக்கிறது, வழக்கம்தான் என்று நினைத்தாள். அத்தோடு விட்டுவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை விசாரணைங்க மேடம்" என்றாள் தாரணி. "பஞ்சுத் திருட்டுக்குப் பயந்துட்டு ஷட்டர எப்பவும் உள்பக்கம் பூட்டியே வெச்சிருப்பாங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும். மில்லுக்காரங்க பூட்டவே இல்லங்கறாங்க. பூட்டு சும்மா கொக்கில தொங்குச்சாமா. அந்தப் பக்கம் இருந்து உசுரோட வந்தது மாமா ஒருத்தருதான். இவரு போய் ஷட்டர் தொறந்திருந்துச்சுங்கறாரு. நானும் எத்தன வாட்டி கேட்டுட்டேன். கண்ணால பாத்தேங்கறாரு."

கருணாம்பிகை மேஜைமேல் கை வைத்தாள். பயம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வரவில்லை. "மயில்சாமி, அந்த வெளிச்சத்த நீங்க பாக்கல. அது நான் எழுதினது."

அவன் ரொம்ப மரியாதையாகச் சிரித்தான். "நீங்கதானுங்க எழுதுனீங்க. ஆனா பாத்தது நானுங்களே."

"இல்ல. நான் சும்மா சேர்த்தேன். எனக்கு அந்த ஷட்டர் தொறந்திருந்துச்சா இல்லையான்னே தெரியாது."

"தெரியாமையே சரியா எழுதிட்டீங்க மேடம்."

தாரணி எழுந்து நின்றுவிட்டாள். "சும்மா சேத்தீங்களா?" என்றாள். "வெள்ளிக்கிழம வந்து இதச் சொல்லோணும் மேடம். அங்க, அத்தன பேரு முன்னால சொல்லோணும்."

டாக்டர் நஸ்ரின் பிரிவின் தலைவி. மயில்சாமிக்கு மருந்து கொடுத்ததும் அவர்தான். கருணாம்பிகை சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அழிக்க முடியாதா டாக்டர்?"

"பதியறதுக்குத்தான் வழி கண்டுபிடிச்சிருக்கோம். அழிக்கறதுக்கு இல்ல. உனக்குத் தெரியாததா?"

"மேல ஒண்ணு போட்டா? ஷட்டர் பூட்டியிருந்துச்சுன்னு பதின்மூணாவதா?"

"அப்ப வெளிச்சமும் இருக்கும், பூட்டும் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல அந்த ஆள் கிழிஞ்சு போவான். அதோட, சாட்சி சொல்றதுக்கு மூணு நாள் முன்னாடி சாட்சியோட நெனப்ப மாத்தினோம்னு ஆகும். ஜெயில் கருணா அது."

"அப்ப நான் போய்ச் சொல்லிடறேன்."

நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சொல்லு. நியாயம்தான். ஆனா சனிக்கிழமை காலைல என்ன ஆகும்னு யோசிச்சியா? முந்நூத்திப் பன்னெண்டு பேர் வந்து நிப்பாங்க. என் நெனப்புல எது உங்களோடதுன்னு கேப்பாங்க. ஈரோட்டம்மா ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சின்னத்தாயம்மாள். பஸ் விபத்தில் பதினேழு வயது மகன் போய்விட்டான். பக்கத்து இருக்கையில் இருந்த அந்த அம்மாவுக்கு அந்த நாளே இல்லாமல் போனது. கருணாம்பிகை எழுதிய ஒட்டு, காலையில் கடைக்குப் போன பையன் தெருமுனையில் திரும்பி நின்று அம்மாவுக்குக் கையாட்டினான் என்பது.

"மாசாமாசம் போன் பண்ணி என்கிட்ட அதைத்தான் சொல்லுது" என்றார் நஸ்ரின். "மத்த பதினொண்ணையும் சொல்றதில்ல. கையாட்டினான் டாக்டர், கையாட்டினான்னு. அந்தம்மா சோறு திங்கறதே அந்தக் கையாலதான். அதப் புடுங்கிடலாமா?"

கருணாம்பிகை, சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டையும் எடை போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி கனத்தன. அவளால் உணர முடிந்தது அவ்வளவுதான். கடைசியில், தாரணி எழுந்து நின்ற விதம்தான் அவளைப் போகச் சொன்னது.

விசாரணைக் கூடத்தில் மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. ஆணையர் ஓய்வுபெற்ற நீதிபதி, காது கொஞ்சம் மந்தம். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தப் பூட்டு இருந்தது. கருகி, வளையம் விரிந்து, எந்த நிலையில் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது. இடிபாடு அள்ளிய இயந்திரம் பிய்த்துப் போட்டதாம். முன்வரிசையில் மற்ற எட்டுப் பேரின் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

மயில்சாமி சொன்னான், ஷட்டர் ஒரு முழம் திறந்திருந்தது, வெயில் விழுந்தது என்று. மில் தரப்பு வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். கருணாம்பிகை கூண்டில் ஏறி, அந்த வெயில் தன்னுடையது என்று சொன்னாள். ஏன் சேர்த்தீர்கள் என்று ஆணையர் கேட்டார். "ஒட்டு வேணும்ங்க. இல்லைன்னா பதியாது" என்றாள். பிறகு, கேட்காமலே, "வரி நல்லா இருந்துச்சு" என்றும் சொன்னாள். முன்வரிசையில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வக்கீல் திரும்ப எழுந்தார். அவருக்கு இப்போது இன்னும் வசதியாகப் போய்விட்டது.

"அம்மா, இவர் நினைவில் இருக்கும் பன்னிரண்டும் நீங்கள் எழுதியதா?"

"ஆமாங்க."

"அதில் ஒன்று கற்பனை. மற்ற பதினொன்று உண்மை என்பதற்கு இவருக்குச் சொந்தமாக ஏதாவது நினைவு உண்டா?"

"இல்லீங்க. அவருக்குன்னு எதுவும் மிஞ்சல."

"அப்படியானால் இவர் சாட்சியே இல்லை. இவர் நீங்கள் எழுதிய ஒரு கதையின் வாசகர்."

ஆணையர் பேனாவை எடுத்து எதையோ அடித்தார். மயில்சாமியின் வாக்குமூலம் முழுவதையும் நீக்குவதாகச் சொன்னார். தாரணி முகத்தை மூடிக்கொண்டாள். இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. கருணாம்பிகை கூண்டிலேயே நின்றாள், இறங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

வக்கீலுக்கு அத்தோடு விட மனமில்லை. ஜெயித்த பிறகு ஒரு அடி கூடுதலாக வைப்பவர் போலிருக்கிறது. "சேர்த்தது ஒன்று என்கிறீர்கள். அழகுக்காக எதையெல்லாம் விட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்களேன். ஆணையத்துக்கு உங்கள் கலை புரியட்டும்."

கருணாம்பிகை பையிலிருந்து முதல் பிரதியை எடுத்தாள். அடித்த வரிகளை, கோப்பு வாசிக்கிற அதே குரலில் படித்தாள். "கருகின பஞ்சின் வாடை. வலது உள்ளங்கையில் வளையமாகத் தீக்காயம், அடியில் சதுரமாக ஒரு..."

நிறுத்தினாள்.

நாலு மாதம் முன்பு அதை அடித்தபோது அவள் அதன் வடிவத்தைப் படிக்கவில்லை, எடையைத்தான் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அந்தக் கையே மேஜைமேல் விரிந்து கிடந்தது. அப்போதும் பார்க்கவில்லை. இப்போது பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள்.

"ஐயா" என்றாள் ஆணையரிடம், "இது நான் எழுதாததுங்க. ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கே டாக்டர் குறிச்சது. அவர் கையப் பாருங்க."

மயில்சாமி குழப்பத்தோடு கையை நீட்டினான். "இட்லிச் சட்டிங்கய்யா" என்றான். தாரணி ஓடிவந்து, "இந்தத் தழும்பு முன்ன இல்லீங்க, எங்கக்கா இருந்தவரைக்கும் இல்லீங்க" என்று கத்தினாள். ஆணையர் பூட்டைப் பையோடு எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். பூட்டின் உடம்பு தழும்பின் சதுரத்தில் உட்கார்ந்தது. தழும்பில் பூட்டு வளையத்தின் இரண்டு காலும் சதுரத்துக்குள்ளே இறங்கியிருந்தன. சூட்டில் சிவந்த இரும்பை ஒருவன் இறுக்கிப் பிடித்து உலுக்கியிருக்கிறான், உலுக்கியபோது அது பூட்டித்தான் இருந்திருக்கிறது.

வக்கீல் உட்கார்ந்தார். ஆணையர் அரசு மருத்துவரை வரவழைத்துத் தழும்பைப் படமெடுக்கச் சொன்னார்.

கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மயில்சாமி நின்றிருந்தான். கையை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். மூடினான். திரும்ப விரித்தான்.

"எனக்கு இன்னமும் அந்த வெளிச்சந்தான் தெரியுதுங்க மேடம்" என்றான். "பூட்டு நெனப்புலயே இல்ல. ஆனா கை பொய் சொல்லாதுங்களே. அப்ப நான் போயிருக்கறேன். அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் போயிருக்கறேன்."

"வேணும்னா இதையும் பதிச்சுத் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கறேன். இப்ப சட்டப்படி தடை இருக்காது."

அவன் அவசரமாகக் கையை மூடிக்கொண்டான். "வேண்டாமுங்க. இது ஒண்ணையாச்சும் நீங்க எழுதாம உட்ருங்க."

சரி என்றாள். தாரணி அவளைத் தாண்டி நடந்து, மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். மாடிக்கு இனி வரவேண்டாம் என்று நஸ்ரினிடமிருந்து செய்தி வந்திருந்தது. கடைசியில், 'இங்கே போன் வர ஆரம்பிச்சாச்சு' என்று ஒரு வரி.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது அவள் போனும் அடித்தது. ஈரோட்டு எண். எவ்வளவு சொல்வது என்று யோசித்தாள். முழுசாகவா, பாதியா, ஒரே வரியிலா. மூன்று வருடமாகச் செய்த வேலைதான், இன்று கை வரவில்லை. எடுத்தாள்.

"சின்னத்தாயிங்க. டிவியில உங்களத்தான் காட்டுனாங்க."

"ஆமாங்கம்மா."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை அணைத்தார்கள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. எம்பையன் தெருமொனையில நின்னு கையாட்டுனானே, எந்தக் கையில ஆட்டுனான்?"

ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். வலது என்றாலும் இடது என்றாலும் அந்த அம்மா வாங்கி வைத்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னாலும் ஒரு சொல்தான்.

"தெரியலீங்கம்மா" என்றாள். "அது நான் எழுதல."

வந்த பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அப்ப எடது கைதானுங்க" என்றது அந்த அம்மா. "அவன் எடது கைக்காரன்."

போன் வைக்கப்பட்டது. கருணாம்பிகை அதைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான், தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.